எண்பத்தேழில் ஒரு பங்கு அழுக்கு

இரவெல்லாம் ஓஸ்ட்ராவா பணிமனையில்
பெட்டிகளைக் கழுவுகிறேன்.
ஒபாவாவிலிருந்து வந்தது, போஹுமீனுக்குப் போவது,
எல்லாவற்றுக்கும் ஒரே நீளக்கைப்பிடித் துடைப்பம்,
கையுறையைத் தாண்டி எரியும் ஒரே சோப்புத் தண்ணீர்.
கூரையோரம் வழிந்த கரி,
பிரேக் உதிர்த்த செம்பழுப்புத் தூள்,
கழிப்பறைக் கதவுக்குக் கீழே...
வேண்டாம், அதை விடுங்கள்.

காலை ஏழுக்கு வீடு வந்து
சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து
பொம்மைப் பெட்டிகளுக்கு
அதே அழுக்கைப் பூசுகிறேன்.

பழைய சாமான் சந்தையில் வாங்கியவை.
பிஸ்கட் டப்பாவில் ஆறு, முந்நூறு கொருனா.
விற்றவன் ஆறும் ஓடும் என்றான்.
ஒன்றும் ஓடவில்லை.
அச்சுகளில் முடி சுற்றியிருந்தது:
நரைத்தது, நீளமானது, ஒரு நாயினுடையது.
ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தேன்.
யார் வீட்டுக் கம்பளத்தை
எத்தனை வருஷம் சுற்றி வந்ததோ இந்த ரயில்.

பிளாஸ்டிக் சக்கரம் கழற்றி உலோகம் மாட்டினேன்.
அப்போதும் வளைவில் கவிழ்ந்தது.
காற்றைவிட லேசு, பாவம்.
தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி
இருக்கைகளுக்கு அடியில் ஒட்டினேன்.
"கெண்டைக்கா?" என்றான் கடைக்காரன்.
ஆமாம் என்றேன்.

கூரைக்கு நான்கு கொக்கி.
நகத்தால் திறக்க வேண்டும்.
மூன்றாவது எப்போதும் உடையும்.

பயணிகள் தனிப் பொட்டலத்தில் வருவார்கள்,
உட்கார்ந்த வாக்கில், முகம் இல்லாமல்.
முழங்கால் இடிக்கும், கூரை மூடாது.
ஆகவே காலை வெட்டிவிடுவது வழக்கம்.
வெளியிலிருந்து தெரியாது.
முதல் தடவை கத்தியை வைத்துவிட்டுத்
தேநீர் போடப் போனேன்.
இப்போது பேசிக்கொண்டே வெட்டுகிறேன்:
மன்னிக்கணும் ஐயா, ஃப்ரீடெக் வரைக்கும்தானே.
கால்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.
தீப்பெட்டியில் கிடக்கின்றன, முப்பத்தெட்டு.

ஐந்தாவது பெட்டியில் ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள்,
எனக்கு முன்னால் யாரோ ஒட்டியது.
பச்சைக் கோட்டு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி.
பெயர்க்கப் பார்த்தேன், இருக்கை விரிசல் விட்டது.
இருக்கட்டும்.
அவரவர் கோபம் அவரவர்க்கு.

பசை கொஞ்சம் கூடினால்
ஜன்னல் வெளுத்துப் பூக்கும்,
உள்ளே யாரோ மூச்சு விட்டதுபோல.
ஒன்றை அப்படியே விட்டேன்.

பிப்ரவரியில், அசல் பெட்டி ஒன்றின் ஜன்னலில்
சாவியால் கீறியிருந்தது:
லுபோர் வர
அவ்வளவுதான். வருவானா மாட்டானா தெரியவில்லை,
அதற்குள் நிலையம் வந்திருக்கும்.
கீறல் தேய்த்தால் போகாது என்று தெரிந்தும்
நான்கு இரவு தேய்த்தேன்.
ஐந்தாம் இரவு கண்ணாடியையே மாற்றிவிட்டார்கள்.
அதை இங்கே, இரண்டாம் பெட்டியில்,
ஊசிமுனையால் கீறி வைத்திருக்கிறேன்.
உருப்பெருக்கியிலும் படிக்க முடியாது.
எனக்கே முடியாது.

கறுப்பு ஒரு சொட்டு, பழுப்பு மூன்று, தண்ணீர் நிறைய.
பூசி, பஞ்சால் மேலிருந்து கீழே இழு.
மழை இழுத்த வழியில் இழு.
மழை எங்கே தயங்கும், கைப்பிடியைச் சுற்றி
எப்படி இரண்டாகப் பிரியும்,
எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷமாய் அதன் பின்னாலேயே
வாளியோடு போகிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஹின்யெக் வந்தான்,
என்னோடு கூரை கழுவுகிறவன்,
கசகசா வைத்த பன்னோடு.
ஒரு பெட்டியை எடுத்துக் கண்ணருகே பிடித்தான்.
திருப்பினான். ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கட்டைவிரலால்
கூரையை ஒரே இழுப்பு.

"ஐயோ," என்றான். "பழக்கம்."

கரிக்கு நடுவே ஒரு வெள்ளித் தடம்,
விரல் ரேகையோடு.
தூரிகையை எடுத்தேன்.
கழுவி வைத்துவிட்டேன்.

மின்விசையைத் திருப்பினோம்.
வளைவில் சாய்ந்தது; ஈயம் பிடித்துக்கொண்டது.
பச்சைக் கோட்டுக்காரி எங்களைக் கடந்து போனாள்,
திரும்பிப் பார்க்காமல்.
ஹின்யெக் விரலைக் கால்சட்டையில் துடைத்தான்,
வேலையில் துடைப்பானே,
அந்த இடத்திலேயே.